டேங்க் கவருக்கு அடியில்...

சேக்கிழார் பிறந்த குன்றத்தூருக்குப் பக்கத்தில் இருக்கிறது திருமுடிவாக்கம். அங்கே ‘சிட்கோ’ தொழிற்பேட்டைக்குள் நுழைந்துவிட்டால், பக்தி இலக்கியமெல்லாம் மறந்துபோகும். ‘டங் டங்’ என்று பிரஸ் மெஷின் சத்தம். எங்கேயோ வெல்டிங் பொறி. காற்றில் கொஞ்சம் தின்னர் வாசனை.

அப்படியொரு சந்தில், பெயிண்ட் பட்டறை ஒன்றில், கொக்கியில் தொங்கிக்கொண்டிருந்தது என் அப்பாவின் பைக் டேங்க். தோலுரித்த ஆடு மாதிரி!

பழைய பெயிண்ட்டை முழுசாகச் சுரண்டி எடுத்திருந்தார்கள். வெறும் தகடு. சாம்பல் நிறம். ‘இன்றைக்கு அப்படியே விட்டுவிட்டு நாளைக்கு பெயிண்ட் அடித்தால் போதாதா?’ என்று கேட்டேன். பட்டறைக்காரர் சிரித்தார்.

“மழைக்காலத்துல இதை ராத்திரி இப்படியே வெச்சா, காலையில மஞ்சளா பூத்து நிக்கும் சார். நீங்க பெயிண்ட்டுன்னா கலருன்னு நினைக்கறீங்க. அது கலர் இல்லை சார், தோலு!”

தோல்! அந்த ஒரு வார்த்தை என்னைப் பிடித்துக்கொண்டது. ஏனென்றால், அந்தத் தோலைக் காப்பாற்றுவதற்காக என் அப்பா 16 வருடம் பட்ட பாடு எனக்குத் தெரியும். அந்தப் பாடுதான் கடைசியில் அந்தத் தோலைத் தின்றது என்பதும் தெரியும்.

அப்பா ஆபீஸ் லோன் போட்டு அந்த பைக்கை வாங்கியது 1983-ல். அடர்ந்த மெரூன் நிறம். ஷோரூமிலிருந்து வண்டி நேரே கோயிலுக்குப் போனது. கோயிலிலிருந்து நேரே சீட் கவர் கடைக்குப் போனது. கறுப்பு ரெக்ஸினில் ஒரு டேங்க் கவர். உள்ளே மெல்லிசாக ஸ்பாஞ்ச். மேலே ஜிப் வைத்த ஒரு பை - ஆர்.சி. புக் வைத்துக்கொள்ள!

அத்தோடு சரி. அந்த மெரூன் நிறத்தை எங்கள் வீட்டில் யாரும் மறுபடி பார்க்கவே இல்லை. ‘கலர் என்னப்பா?’ என்று யாராவது கேட்டால், ஆர்.சி. புக்கைப் பார்த்துச் சொல்ல வேண்டிய நிலைமை.

1999-ல் கவர் கிழிந்துபோய், புதுசு போடுவதற்காகக் கழற்றினோம். அடியில் மெரூன் இல்லை. கவரின் ஓரம் அழுத்திய இடமெல்லாம் பழுப்பாகத் துரு. நடுவில் பெயிண்ட் கொப்புளம் கொப்புளமாக எழும்பி, விரல் பட்டதும் அப்பளம் மாதிரி உதிர்ந்தது. அப்பா ஒன்றுமே பேசவில்லை. புதுக் கவரைப் போட்டு மூடிவிட்டார்!

அவர் என்ன தப்பு செய்தார்? அதைப் புரிந்துகொள்ள கொஞ்சம் தூரம் போய்விட்டு வரவேண்டும். முதலில் ஜப்பானுக்கு...

*

நம் ஊரில் சலவைத் தொழிலாளிகள் துணியில் குறி போட சேங்கொட்டையைப் பயன்படுத்துவார்களே, நினைவிருக்கிறதா? எத்தனை தடவை துவைத்தாலும் போகாது. தோலில் பட்டால் புண்ணாகிவிடும். பண்ருட்டிப் பக்கம் முந்திரிக்கொட்டை உடைக்கிற பெண்களின் கைகளைப் பார்த்தாலும் தெரியும் - ஓட்டிலிருந்து வருகிற எண்ணெய் அப்படிப் பொத்துவிடும்.

இதே குடும்பத்தைச் சேர்ந்த ஒரு மரம் சீனா, கொரியா, ஜப்பானில் உண்டு. ஜப்பானில் அதன் பாலை ‘உருஷி’ என்பார்கள். மரத்தைக் கீறிப் பாலெடுத்து, மரக் கிண்ணத்தின் மேல் மெல்லிசாகப் பூசி, காயவைத்து, தேய்த்து, மறுபடி பூசி... இப்படிப் பல தடவை. இதில் ஒரு விசித்திரம்: உருஷி வெயிலில் காயாது. ஈரக்காற்றில்தான் இறுகும்! இறுகியபின் தண்ணீர், சுடுசாறு எதற்கும் அசையாது. கண்ணாடி போலப் பளபளக்கும். ஆயிரக்கணக்கான வருடங்களாக அங்கே இந்தக் கலை இருக்கிறது.

17-ஆம் நூற்றாண்டில் இந்தச் சாமான்கள் கப்பலேறி ஐரோப்பாவுக்குப் போனபோது, அங்கேயுள்ள பணக்காரர்கள் சொக்கிப்போனார்கள். ஆனால், அந்த மரப்பால் அவர்களிடம் இல்லை. என்ன செய்வது? ‘டூப்ளிகேட்’ தயாரித்தார்கள்! பிசின், ஆளிவிதை எண்ணெய், தார் போன்ற கறுப்பு அஸ்பால்ட்... எல்லாம் சேர்த்துக் காய்ச்சி, பூசி, அடுப்பில் வைத்துச் சுட்டார்கள். அதற்கு அவர்கள் வைத்த பெயர் - ‘ஜப்பானிங்’. நாட்டின் பெயரே வினைச்சொல்லாகிவிட்டது.

18-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில், வேல்ஸிலுள்ள பான்டிபூல் என்ற ஊரில், அல்குட் என்ற குடும்பத்தார் இதைத் தகரத்தின் மேல் பூசிக் காட்டினார்கள். மரத்துக்கு அது அழகு. இரும்புக்கோ அது உயிர்! துரு ஏறாத தட்டு, டீ பாத்திரம் என்று வியாபாரம் பிய்த்துக்கொண்டு போனது. வுல்வர்ஹாம்ப்டன், பர்மிங்காம் பக்கமும் இந்தத் தொழில் பரவியது.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் இங்கிலாந்தில் சைக்கிள் மோகம் பிடித்தபோது, தொழிற்சாலைகள் முளைத்ததும் இதே வட்டாரத்தில்தான். இரும்புக் குழாயை வளைக்கத் தெரிந்தவர்களும், இரும்புக்குக் கறுப்பு பூசிச் சுடத் தெரிந்தவர்களும் அக்கம்பக்கத்தில் இருந்தார்கள். கறுப்பு சைக்கிள்கள் உலகம் முழுக்க ஓடியதன் ரகசியம் இது. அழகுக்காகக் கறுப்பு இல்லை. அஸ்பால்ட் கறுப்பு என்பதால் கறுப்பு!

பர்மிங்காமுக்குத் தெற்கே ரெடிட்ச் என்று ஓர் ஊர். தையல் ஊசிக்குப் பேர்போனது. அங்கே சைக்கிள் செய்துகொண்டிருந்த ஒரு கம்பெனி, 1901-ல் மோட்டார் சைக்கிளில் இறங்கியது. அதுதான் ராயல் என்ஃபீல்டு. துப்பாக்கித் தொழிற்சாலைக்கு உதிரிபாகம் செய்து கொடுத்ததால் வந்தது அந்த ‘என்ஃபீல்டு’ என்ற பெயர்.

துப்பாக்கி என்றதும் அடுத்த அத்தியாயம் வந்துவிடுகிறது.

*

ஹென்றி ஃபோர்டின் கார் என்றாலே கறுப்புதான் என்று படித்திருப்பீர்கள். பாதிதான் உண்மை. 1908-ல் ‘மாடல் டி’ வந்தபோது சிவப்பு, பச்சை, சாம்பல் நிறமெல்லாம் இருந்தது. கறுப்பு மட்டும் என்ற கெடுபிடி 1914-லிருந்து 1925 வரைதான். காரணம், மற்ற நிறங்களைத் தூரிகையால் பூசி, காயவைத்து, தேய்த்து, வார்னிஷ் போட்டு முடிக்க வாரக்கணக்கில் ஆகும். கார் செய்வது வேகம், காய்வது மெதுவு! சுட்டெடுக்கிற கறுப்புதான் உழைப்பிலும் கெட்டி.

இந்தக் கறுப்புச் சிறையை உடைத்தது ஒரு வெடிமருந்து.

1846-ல் வெடிபஞ்சைக் கண்டுபிடித்ததாக அறிவித்தவர் ஷான்பைன் என்ற வேதியியல் பேராசிரியர். சமையலறையில் அமிலம் கொட்டிவிட, மனைவியின் பருத்தி ஏப்ரனை எடுத்துத் துடைத்தாராம். அதை அடுப்புப் பக்கம் காயவைக்க, ‘புஸ்’ஸென்று பற்றி ஏப்ரனே காணாமல் போனது என்று ஒரு கதை உண்டு. கதை எப்படியோ, பஞ்சும் அமிலமும் சேர்ந்து பிறந்த நைட்ரோ செல்லுலோஸ், ராணுவங்களின் செல்லப்பிள்ளை ஆகிவிட்டது. நம் நீலகிரியில் அரவங்காடு கார்டைட் தொழிற்சாலை 1903-ல் தொடங்கப்பட்டதும் இந்த வம்சத்து மருந்துக்காகத்தான்.

முதல் உலகப்போர் முடிந்தது. அமெரிக்காவின் டூபாண்ட் கம்பெனியிடம் இந்தச் சரக்கைத் தயாரிக்கிற திறன் மலைபோல இருந்தது. சுட ஆள் இல்லை! வேறு என்ன செய்யலாம் என்று பார்த்தபோது, அதைக் கரைத்து, நிறம் கலந்து, கன்னால் தெளித்தால் சில மணி நேரத்தில் காய்ந்துவிடுகிறது என்று தெரிந்தது. 1923-ல் வெளிவந்தது ‘டூக்கோ’. ஜெனரல் மோட்டார்ஸ் உடனே பிடித்துக்கொண்டது. ஓக்லண்ட் என்ற காரை நீல நிறத்தில் இறக்கியது. கறுப்பு சாம்ராஜ்யம் ஆட்டம் கண்டது. நம் ஊர்த் தச்சர்கள் இன்றைக்கும் ‘டூக்கோ அடிச்சிடலாமா?’ என்று கேட்கிறார்களே, அது இந்த டூக்கோதான்.

சரி, வெடிபஞ்சைத் துணியின் மேல் பூசினால் என்ன ஆகும்? தோல் மாதிரியே இருக்கும், ஆனால் தோல் இல்லாத ஒரு துணி கிடைக்கும். இங்கிலாந்தில் அதற்கு ஒரு பிராண்ட் பெயர் வைத்தார்கள் - ‘ரெக்ஸின்’!

ஆக, வண்டியின் பெயிண்ட்டும், அந்த பெயிண்ட்டை மூடிய கவரும் ஒருகாலத்தில் ஒரே வயிற்றுப் பிள்ளைகள். அண்ணனைக் காப்பாற்றத் தம்பியை அனுப்பிய கதை. (பிற்பாடு இரண்டுமே மாறிவிட்டன. பெயிண்ட் வேறு ரசாயனத்துக்குப் போனது. ரெக்ஸின் என்று நாம் வாங்குவது இப்போது பி.வி.சி.)

*

இனி சென்னைக்கு வருவோம்.

1955-ல், ரெடிட்ச் கம்பெனியும் மெட்ராஸ் மோட்டார்ஸும் கைகோத்து ‘என்ஃபீல்டு இந்தியா’ உருவானது. தொழிற்சாலை, திருவொற்றியூர். கடலிலிருந்து கூப்பிடு தூரம்! உப்புக்காற்று நேரே உள்ளே வரும். இரும்பு வண்டி செய்வதற்கு இதைவிட வில்லங்கமான இடம் கிடைக்காது. ஆனாலும், அங்கேதான் புல்லட் டேங்க்கின் ஓரத்தில் ஓடுகிற அந்தப் பொன்னிறக் கோடு, இயந்திரத்தால் அல்ல, கையால் இழுக்கப்பட்டது. நீண்ட மயிர்த் தூரிகையை நனைத்து, டேங்க்கின் வளைவில் ஒரே மூச்சில் ஓர் இழுப்பு. ஸ்கேல் கிடையாது, நூல் கிடையாது. அந்தக் கைவேலை, தலைமுறை தாண்டி வந்தது. பின்னாளில் ஒரகடத்தில் 2013-லும், அடுத்து வல்லம் வடகாலில் 2017-லும் புதிய ஆலைகள் வந்தன. அப்படித்தான் மோட்டார் சைக்கிள் தொழில் வடசென்னைக் கடற்கரையிலிருந்து மெல்ல நம் தென்மேற்குப் பக்கம் நகர்ந்தது.

என் அப்பா வண்டி வாங்கிய காலத்தை நினைத்துப் பாருங்கள். லைசென்ஸ் ராஜ்ஜியம். ஸ்கூட்டருக்குப் பணம் கட்டிவிட்டு வருடக்கணக்கில் காத்திருந்த மனிதர்கள் வீட்டுக்கு வீடு உண்டு. 1980-களின் நடுவில் ஜப்பான் கூட்டணியில் 100 சி.சி. வண்டிகள் வந்து சந்தையைக் கலக்கும் வரை, டூ வீலர் என்பது வாங்குகிற பொருள் இல்லை, கிடைக்கிற பொருள். ஒரு குடும்பத்துக்கு ஒரு தடவைதான். அடுத்தது எப்போது என்று சொல்ல முடியாது.

அப்படிப்பட்ட சொத்தை எப்படி வைத்துக்கொள்வார்கள்? டி.வி.க்கு ஷட்டர் கதவு. சோபாவுக்கு மேல் துண்டு. ரேடியோவுக்கு எம்பிராய்டரி துணி. பைக்குக்கு டேங்க் கவர், சைடு பாக்ஸ் கவர், சீட் கவருக்கு மேல் இன்னொரு கவர்! இன்றைக்கு நமக்குச் சிரிப்பு வரும். ஆனால், அதற்குப் பின்னால் இருந்தது கஞ்சத்தனம் இல்லை. ‘இது போனால் இன்னொன்று இல்லை’ என்ற பயம்.

சரி... அந்தக் கவர் என்னதான் செய்தது?

பட்டறைக்காரர் விளக்கினார். “மழை பெய்யுது சார். தண்ணி தையல் ஓட்டை வழியா உள்ளே போவுது. ஸ்பாஞ்ச் குடிச்சுக்குது. மேலே ரெக்ஸின் மூடியிருக்கா... ஆவியாவ முடியல. ரெண்டு நாள், மூணு நாள் டேங்க் ஈரத் துணியைப் போத்திக்கிட்டே கிடக்கும். கூடவே தூசி உள்ள போவும். வண்டி ஆடறப்போ கவரும் ஆடும். உப்புத்தாள் போட்டுத் தேய்க்கற மாதிரிதான்!”

ஈரம், உப்பு, உரசல் - மூன்றும் கவருக்கு அடியில் கூட்டணி போட்டன. இதில் பி.வி.சி.யின் பங்கும் உண்டு. அதை மிருதுவாக்கச் சேர்க்கிற எண்ணெய்ப் பொருள் வெயிலில் மெல்லக் கசிந்து, அடியிலுள்ள பெயிண்ட்டை இளக்கிவிடும்.

கவர் போடாமலேயே விட்டிருந்தால் நாலு கீறல் விழுந்திருக்கும், நிறம் வெளுத்திருக்கும். டேங்க் பிழைத்திருக்கும். பளபளப்பைக் காப்பாற்றப்போய் தோலைப் பறிகொடுத்தோம்.

*

பளபளப்பு வேறு, தோல் வேறு. இதைப் புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது.

ஒரு வண்டியின் பெயிண்ட் என்பது ஒரே பூச்சு இல்லை. வெறும் தகட்டில் முதலில் எண்ணெய்ப் பிசுக்கை எடுப்பார்கள். அடுத்தது பாஸ்பேட் குளியல். இரும்பின் மேற்பரப்பே ஒரு நுண்ணிய படிகப் படலமாக மாறி, பெயிண்ட் பிடித்துக்கொள்ள வழி செய்யும். இதற்கு 1906-ல் காப்புரிமை வாங்கியவர் காஸ்லெட் - அவரும் பர்மிங்காம்காரர்தான்! அடுத்து, பெரிய தொழிற்சாலைகளில் பாகத்தை அப்படியே பெயிண்ட் தொட்டிக்குள் முக்கி மின்சாரம் பாய்ச்சுவார்கள். கன் எட்டாத மூலைமுடுக்கிலும் பெயிண்ட் போய் ஒட்டிக்கொள்ளும். 1960-களில் ஃபோர்டு கம்பெனி பெரிய அளவில் கொண்டுவந்த முறை இது. அதன்மேல் பிரைமர், அப்புறம் நிறம், கடைசியாகக் ‘கிளியர் கோட்’ - நிறமே இல்லாத காவல்காரன்.

(அப்பா வண்டியின் சேஸிஸுக்கு பவுடர் கோட்டிங். பெயிண்ட்டைத் தூளாகத் தெளித்து, சுமார் 200 டிகிரி சூட்டில் உருக்கி ஒட்டவைப்பது. 1950-களில் ஜெர்மனியில் பிறந்த முறை. தின்னர் தேவையில்லை. டேங்க்குக்கு மட்டும் பழையபடி ஸ்ப்ரே.)

இத்தனை அடுக்கும் சேர்ந்து எவ்வளவு தடிமன் தெரியுமா? சாதாரணமாக 100-லிருந்து 150 மைக்ரான். ஒன்றரை, இரண்டு தலைமுடி கனம். அதில் கிளியர் கோட் மட்டும் 40, 50 மைக்ரான் இருக்கும். பாலிஷ் போடுகிறேன் என்று ரப்பிங் காம்பவுண்ட் வைத்துத் தேய்க்கும்போதெல்லாம் இதிலிருந்துதான் கொஞ்சம் கொஞ்சமாகக் கழிகிறது. கீறலை மறைப்பது எப்படி? கீறலின் ஆழத்துக்குச் சுற்றுப்புறத்தையும் சுரண்டி இறக்கி! பேங்க்கில் போட்ட பணம் மாதிரி. எடுத்துக்கொண்டே இருந்தால் ஒருநாள் பாஸ்புக்கில் பூஜ்யம்தான்.

இந்தக் கிளியர் கோட்டைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். இரண்டு டப்பா கலந்து அடிக்கிற பாலியூரிதேன் வகை அது. அதன் ஹார்டனரில் ‘ஐசோசயனேட்’ இருக்கிறது. ஸ்ப்ரே புகையாக மூச்சில் போனால் ஆஸ்துமா வரும். ஒருதடவை வந்தவருக்கு அப்புறம் துளி பட்டாலும் இழுக்கும். வெறும் கைக்குட்டையை மூக்கில் கட்டிக்கொண்டு ஸ்ப்ரே அடிக்கிற பையன்களை எத்தனையோ ரோட்டோரக் கடைகளில் பார்த்திருக்கிறேன். திருமுடிவாக்கத்து மனிதர், காற்றைத் தனிக் குழாயில் கொண்டுவருகிற முகமூடியைக் காட்டினார். “கலர் யாருக்கோ போவும். நெஞ்சு என்னுது சார்.”

நம் வண்டியின் தோல், இன்னொருவரின் நுரையீரலைத் தொட்டுவிட்டுத்தான் நம்மிடம் வருகிறது. அதைச் சும்மா தேய்த்தே தீர்ப்பது நியாயமா?

*

இனி வில்லனைப் பார்க்கலாம். அவன் உள்ளூர்க்காரன்.

பல்லாவரம், திரிசூலம், பம்மல் பக்கத்துக் குன்றுகளின் பாறைக்கு உலகப் புகழ் உண்டு. 1690-களில் கொல்கத்தாவில் இறந்த ஜாப் சார்னாக் என்ற ஆங்கிலேய ஏஜென்ட்டின் கல்லறைக்கு இங்கிருந்துதான் கல் போனது. இருநூறு வருடம் கழித்து தாமஸ் ஹாலண்ட் என்ற புவியியலாளர் அந்தப் பாறையை ஆராய்ந்து, சார்னாக்கின் பெயரையே வைத்தார். ‘சார்னகைட்’ என்று உலகம் முழுக்கப் பாடப்புத்தகத்தில் இருக்கிறது. 1863-ல் ராபர்ட் புரூஸ் ஃபுட், இந்தியாவில் முதன்முதலாகப் பழைய கற்காலக் கருவியை அடையாளம் கண்டதும் இதே பல்லாவரத்தில். அது குவார்ட்சைட் கல்லால் ஆனது.

சார்னகைட்டானாலும் குவார்ட்சைட்டானாலும் உள்ளே இருக்கிற முக்கியமான சரக்கு - குவார்ட்ஸ். கடினத்தன்மை அளவுகோலில் 7. பேனாக்கத்தியின் எஃகையே கீறிவிடும். ஜல்லியாக, எம்-சாண்டாக, ரோட்டுப் புழுதியாகப் பறந்து வந்து தினமும் உங்கள் டேங்க்கின் மேல் படிகிற தூசியில் இதுவும் இருக்கிறது. தானாகப் படிந்தவரை பெரிய ஆபத்தில்லை. காலையில் ஆபீஸ் கிளம்பும் அவசரத்தில், சீட்டுக்கு அடியிலிருந்து பனியன் வேஸ்ட்டை உருவி, வறட்டுத் துணியால் ‘சரக் சரக்’கென்று துடைக்கிறீர்களே... ஆதிமனிதன் மிருகத் தோலைச் சுரண்டிய அதே வேலையைத்தான் செய்கிறீர்கள்! வெயிலில் நிறுத்திப் பாருங்கள். டேங்க்கின் மேல் சிலந்தி வலை மாதிரி வட்ட வட்டமாகக் கோடு தெரியும். அத்தனையும் நம் சுத்தத்தின் கைங்கரியம்.

ஆயுத பூஜையன்று வைக்கிற சந்தனமும் குங்குமமும் அடுத்தது. வைப்பதில் தப்பில்லை. வைத்து, வெயிலில் காயவிட்டு, ஒரு வாரம் கழித்து நகத்தால் சுரண்டுகிறோமே, அதுதான் தப்பு. மறுநாளே தண்ணீர் விட்டு ஊறவைத்தால் தானாகப் போய்விடும்.

பட்டறைக்காரர் சொன்னதும் நான் படித்ததும் சேர்ந்து, சுருக்கமாக இவ்வளவுதான்: முதலில் தண்ணீர், அப்புறம்தான் துணி. நிழலில் கழுவுங்கள், சூடான டேங்க்கில் சோப்பு காய்ந்தால் கறை நிற்கும். வண்டி ஷாம்பு போதும். பாத்திரம் தேய்க்கிற சோப்பும் நாரும் வேண்டாம். பறவை எச்சத்தை அன்றைக்கே ஊறவைத்து எடுங்கள். பெட்ரோல் வழிந்தால் உடனே துடைத்துவிடுங்கள். பிரேக் ஆயில் பட்டால் நிறையத் தண்ணீர் ஊற்றுங்கள். அது பெயிண்ட்டையே உரித்துவிடும். சாவிக்கொத்தில் வீட்டுச் சாவி, பீரோ சாவி எல்லாவற்றையும் தொங்கவிடாதீர்கள். பெல்ட் பக்கிள் உரசுகிற இடத்தில் மட்டும் ஒரு பாதுகாப்பு ஃபிலிம் ஒட்டிக்கொள்ளலாம் - வியட்நாம் போரில் ஹெலிகாப்டர் இறக்கைகளை மணலிலிருந்து காக்கப் பிறந்த சரக்கு அது. கவர் போல ஆடாது, ஈரத்தையும் அடியில் தேக்காது. மாதக்கணக்கில் ஒருதடவை மெழுகு பாலிஷ். அவ்வளவே.

எல்லாவற்றையும்விட முக்கியமானது ஒன்று. கீறல் ஆழமாகி உள்ளே தகடு தெரிந்தால், அதன்மேல் ஸ்டிக்கர் ஒட்டி மறைக்காதீர்கள். துரு அடியில் ஊர்ந்துகொண்டே போகும். சுத்தம் செய்து, ஒரு சொட்டு பிரைமர், ஒரு சொட்டு டச்-அப் பெயிண்ட் வைத்து அடைத்துவிடுங்கள். பார்க்கத் தழும்பு மாதிரிதான் இருக்கும். இருக்கட்டுமே! காயத்துக்குத் தேவை அழகா, மூடுவதா?

*

2015 டிசம்பர் 1. செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து நொடிக்கு 29,000 கன அடி தண்ணீர் திறந்துவிடப்பட்ட நாள். அடையாற்றின் கரையோரம் முழுக்க வெள்ளம். திருமுடிவாக்கம் தொழிற்பேட்டையும் தப்பவில்லை. பட்டறைக்குள் கழுத்தளவு தண்ணீர் என்று சுவரில் கைவைத்துக் காட்டினார் அவர். கம்ப்ரசர், அடுப்பு எல்லாம் போச்சு.

தண்ணீர் வடிந்ததும் வண்டிகள் வரிசைகட்டி வந்தன. சகதி காய்ந்து அப்பிக்கொண்டிருந்தது. “ஜனங்க பாவம் சார். அழுதுக்கிட்டே துணியை வெச்சுத் தேய்ச்சிருந்தாங்க. பாதி வண்டி வெள்ளத்துல கெடல, துடைச்சதுல கெட்டுச்சு. இன்னும் சில பேர் மேலே பளபளன்னு துடைச்சு வெச்சுட்டாங்க. டேங்க்குக்கு உள்ளே தண்ணி போயிருக்கும்னு பார்க்கல.”

பெட்ரோலைவிடத் தண்ணீர் கனம். அடியில் போய்த் தங்கிவிடும். மேலே மினுமினுப்பு; உள்ளே துரு. சில மாதம் கழித்து, ஊசி முனை ஓட்டை வழியாகப் பெட்ரோல் சொட்டும்போதுதான் விஷயம் தெரியவரும்.

அன்றைக்கு அந்தத் தொழிற்பேட்டையில் பலர் தொழிலையே இழந்தார்கள். இவர் மீண்டுவிட்டார். மீண்டும் கடன், மீண்டும் கம்ப்ரசர். சுவரில் வெள்ளம் நின்ற கோட்டின் மேல் மட்டும் இன்னும் வெள்ளையடிக்கவில்லை. “இருக்கட்டும் சார்” என்றார்.

அப்பாவின் டேங்க் மூன்று வாரத்தில் தயாரானது. கவருக்கு அடியில், பெட்ரோல் மூடியின் கழுத்தோரம் துருவேறாமல் தப்பிப் பிழைத்திருந்த ஒரு ரூபாய் நாணயம் அளவு பழைய மெரூனை வைத்துத்தான் நிறத்தைச் சேர்த்தார்கள்.

அப்பாவுக்கு இப்போது வண்டி ஓட்டுகிற வயதில்லை. வாசலில் நாற்காலி போட்டு உட்காரவைத்து, வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தினேன். மாலை வெயில் டேங்க்கின் மேல் விழுந்தது. ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். எழுந்து வந்து, உள்ளங்கையை மெல்ல அதன் மேல் வைத்தார்.

“இந்தக் கலர்தானா இது!” என்றார்.

ஏதாவது நெகிழ்ச்சியாகச் சொல்லப்போகிறார் என்று காத்திருந்தேன்.

அப்பா என் பக்கம் திரும்பிக் கேட்டார்: “கவர் வாங்கிட்டியாடா?”